மேய்ப்பரின் கையில் கைப்பேசி

கொடைக்கானல் மலையில் உள்ள பேத்துப்பாறை போன்ற சிற்றூர்களில் வீடுகள் தோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. யானைகள் நடமாடும் பகுதி என்பதால் இருட்டிய பின் வெளியே செல்ல மக்கள் அஞ்சுவர். இத்தகைய ஊரில் ஒரு சபைப் போதகரின் கைப்பேசிச் செய்தி, நலிவுற்ற முதியவருக்கு ஆறுதலாகவும் மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகவும் அமைய முடியும். சமூக ஊடகத்தின் மெய்யான பயன் இதுவே.

புதிய தொழில்நுட்பம் தமிழகக் கிறிஸ்தவத்துக்குப் புதிதன்று. ஹென்றிக் ஹென்றிக்கஸின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு அச்சகம் நிறுவி, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். ஆனால், அச்சுக்கு முன் பிழைதிருத்தம் இருந்தது. கைப்பேசியில் அதற்கு அவகாசமில்லை.

2020 மார்ச்சில் பொது முடக்கத்தால் ஆலயங்கள் மூடப்பட்டபோது, முன்பயிற்சி ஏதுமின்றிப் போதகர்களும் பங்குத்தந்தையரும் நேரலைக்கு வந்தனர். ஆலயங்கள் திறந்த பின்னரும் அந்தப் பழக்கம் நீடிக்கிறது. பயிற்சியோ இன்னமும் பரவலாகவில்லை.

பொருளியல் நோக்கில் இதில் ஒரு சிக்கல் உண்டு. தகவல் பெருகப் பெருக மனிதக் கவனம் அரிதாகிறது என்று ஹெர்பர்ட் சைமன் 1971-இலேயே சுட்டிக்காட்டினார். ஒரு காணொலியைக் கூடுதலாக ஒருவர் பார்ப்பதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ இல்லை. எனவே, புகழ்பெற்ற சொற்பொழிவாளர் ஒருவரே ஆயிரம் சிற்றூர்களின் செவிகளை ஈர்த்துவிடலாம். கவனம் செல்லும் வழியில் காணிக்கையும் செல்லும். மலைக்கிராமச் சபை அந்தப் போட்டியில் இறங்கினால் தோற்பது உறுதி. பார்வையாளர் எண்ணிக்கைக்காகப் பரபரப்பையும் பிற சமயத்தவர் மீதான ஏளனத்தையும் நாடினால் இழப்பு ஊருக்கே.

ஆகவே, திருச்சபைகள் தம் ஊழியர்களுக்கு அளிக்க வேண்டிய பயிற்சி ஒளிப்பதிவு நுட்பத்தோடு நின்றுவிடலாகாது. முதலாவது, அந்தரங்கம். நோயாளியின் பெயரையும் நோயையும் ஜெப விண்ணப்பமாகக் குழுவில் இடுவது அன்பினால் செய்யப்படுவதாயினும், அவரது ஒப்புதல் இன்றி இடுவது தவறு. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலுக்கு முதன்மை அளிப்பதையும், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருவதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பணம். காணிக்கை தனிநபர் கணக்குக்குச் செல்லாமல் சபையின் கணக்குக்குச் சென்று, வரவு செலவு உறுப்பினர்க்குத் தெரிவிக்கப்பட வேண்டும். போதகர் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் கேட்கும் மோசடியையும் அது தடுக்கும். மூன்றாவது, வாய்மை. மருத்துவம், அரசியல் குறித்த செய்திகளைச் சரிபார்க்காமல் பகிரலாகாது. மேய்ப்பர் அனுப்பினார் என்பதாலேயே மந்தை அதை நம்பும்.

2012 டிசம்பரில் அன்றைய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ட்விட்டரில் அடியெடுத்து வைத்தார். 2023 மே மாதம் வாடிகன் வெளியிட்ட சமூக ஊடகச் சிந்தனை ஆவணம் நல்ல சமாரியன் உவமையை அடிப்படையாகக் கொண்டது. அந்தச் சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு நின்றான், காயங்களைக் கட்டினான், செலவையும் ஏற்றான்.

கைப்பேசி செய்ய வேண்டியதும் அதுவே. தனித்திருப்பவரைக் கண்டறிய அது உதவட்டும். கண்டறிந்த பின், மலையேறிச் சென்று கதவைத் தட்ட வேண்டியவர் மேய்ப்பர்தான்.