கோவையை முதலில் கட்டிப் பார்ப்போம்

தரம் 10இல் படிக்கும் என் தங்கை, சென்ற விடுமுறையில் கணிதக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, "ராத்தா, எனக்குக் கணக்கு வராது" என்றாள். சாதாரண தரம் முடிந்ததும் கணிதப் பிரிவின் பக்கமே திரும்பாமல் போன என் தோழிகள் பலரும் இதைத்தான் சொன்னார்கள்.

அவளை அழ வைத்தது ஓர் இருபடிக் கோவை: எக்ஸ் வர்க்கம் சய 5 எக்ஸ் சக 6. பெருக்கினால் 6உம் கூட்டினால் சய 5உம் வரும் இரண்டு எண்களைத் தேடு என்பது வகுப்பில் சொன்ன வழி. வழி சரிதான். ஏன் பெருக்க வேண்டும், ஏன் கூட்ட வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தாள்.

காரணிப்படுத்தலைப் படிப்பிக்கும் முன் அதன் மறுபக்கத்தைப் படிப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. மூலங்களைக் கொடுத்துவிட்டு, கோவையை மாணவியே கட்டட்டும்.

தங்கையிடம் இரண்டு எண்கள் கேட்டேன். 4, 7 என்றாள். அந்த இரண்டு எண்களுக்கும் பூச்சியமாகும் கோவை வேண்டுமானால், எக்ஸ் சய 4ஐயும் எக்ஸ் சய 7ஐயும் பெருக்க வேண்டும். எக்ஸ் வர்க்கம் சய 11 எக்ஸ் சக 28 வந்தது. 11 அவளுடைய எண்களின் கூட்டுத்தொகை, 28 பெருக்கம். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்ப புத்தகத்தில உள்ள கணக்கெல்லாம் இப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்கே அது உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்த பிறகுதான் உறைத்தது!

பிறகு முதல் கோவையில் 6ஐ அழித்து 7 போட்டோம். எந்த எண்ணும் பொருந்தவில்லை. அதற்கு மெய் மூலமே கிடையாது. எல்லாக் கோவையும் அழகாக உடையாது என்பதும், உடையாதது தன் மொக்குத்தனத்தால் அல்ல என்பதும் அன்று அவளுக்குத் தெரிந்தது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவருடைய புகழ்பெற்ற கணக்கொன்று: ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதன் 10 மடங்கைக் கூட்டினால் 39. சதுரம் வரைந்து 3 என்று விடை கண்டார். சய 13உம் பொருந்தும், ஆனால் அவருடைய முறையில் சய எண்ணுக்கு இடமிருக்கவில்லை. எக்ஸ் சய 3ஐ எக்ஸ் சக 13ஆல் பெருக்கிப் பாருங்கள், அவருடைய கணக்கு அப்படியே திரும்பி வரும். அவர் பெயரை மனனம் செய்த எங்களில் எத்தனை பேர் அதைச் செய்து பார்த்திருக்கிறோம்?

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். நான் கேட்பது ஒரேயொரு பாடவேளை. பெற்றோரும், இன்னொரு பிரத்தியேக வகுப்புக்குக் காசு கட்டும் முன், பிள்ளையிடம் இரண்டு எண்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது தங்கைதான் எனக்குக் கணக்குப் போடுகிறாள். நேற்றிரவு தந்தது 2 எக்ஸ் வர்க்கம் சய 7 எக்ஸ் சக 3. ஒரு மூலத்தை அரை என்று வைத்து, பின்னம் தெரியாமலிருக்க முழுவதையும் இரண்டால் பெருக்கியும் இருந்தாள், கள்ளி.