பொய்க்கடைக்குப் பட்டியல் போடுவதா பொறியியல்?

நாஞ்சில் நாட்டுக் கல்லூரிகளில் மென்பொருட் பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் இறுதியாண்டில் பெரும்பாலும் செய்வதென்ன? இல்லாத கடைக்கு விலைப்பட்டியல். இல்லாத விடுதிக்கு வரவுப் பதிவேடு! மதிப்பெண் பெற்றதும் அவை மாண்டொழியும். பயன்கொள்வாரும் இலர், பிழை சுட்டுவாரும் இலர். நீரில் இறங்காது நீந்தப் பழகுவதோ?

தமிழிலோ, திறந்த தரவுப்பணி மலைபோற் குவிந்துள்ளது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை விலையின்றி வழங்குகின்றது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீக்கிரையாகக் கண்ட ஈழத்தமிழர், 2005-இல் நூலகத் திட்டத்தைத் தொடங்கி ஏடுகளைக் காத்து வருகின்றனர். உலக மக்கள் 2004 முதல் கூடி வரையும் ஓப்பன்சிட்ரீட்மேப்பு என்னும் திறந்த நிலப்படமும் உள்ளது.

1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவை மாற்றிற்று. அதற்கு முந்தைய அச்சைக் கணிப்பொறி பிழையின்றிப் படிக்க வேண்டும். பறக்கையின் றகரமும் தோவாளையின் ளகரமும் ஆங்கில எழுத்தில் அழிகின்றன. நிலப்படத்தில் அவற்றை மீட்க வேண்டும். இவையன்றோ மெய்யான பயிற்சிகள்!

"தமிழ்ப்பணி சோறு போடுமா?" என்பர் சிலர். பிறர் எழுதிய நிரலைப் படித்தல், ஆய்ந்து திருத்தல், முகமறியாரோடு கூடி உழைத்தல் ஆகிய இவற்றையே எந்த நிறுவனமும் வேண்டுகின்றது. பொய்க்கடை இவற்றைக் கற்பிக்காது.

போராடி 1956-இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்த மண் இது. மண்ணை மீட்டோம், அதன் பெயர்களைப் பொறியில் இழப்பதோ? பல்கலைக்கழகங்களே, பாடத்திட்டத்தைத் திருத்துக! இளைஞரே, அதுவரை காத்திராது இன்றே தொடங்குக!