கணக்குக் கேட்ட குடும்பம்

செப்டம்பர் 17 வந்துவிட்டால் ஐதராபாத் வரலாற்றுக்கு மதச்சாயம் பூசும் வேலை தொடங்கிவிடுகிறது. 2022 முதல் ஒன்றிய அரசே அந்நாளை 'ஐதராபாத் விடுதலை நாள்' என்று கொண்டாடுகிறது. முஸ்லிம் மன்னனிடமிருந்து இந்து மக்கள் பெற்ற விடுதலை என்பதே சங் பரிவாரம் அதற்குத் தரும் பொருள். இந்தக் கட்டுக்கதைக்கு மறுப்பாக அந்நகரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு நிற்கிறது.

வங்கத்தில் பிறந்து எடின்பரோவில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற அகோரநாத் சட்டோபாத்யாய, நிஜாமின் தலைநகரில் ஒரு கல்லூரியை உருவாக்கினார். பின்னாளில் அதுவே நிஜாம் கல்லூரியாயிற்று. அவருடைய இல்லம் பல மதத்தாரும் பல மொழியினரும் கூடி விவாதிக்கும் மன்றமாக இருந்தது.

1883இல் சாந்தா ரயில்வே திட்டம் வந்தது. மூலதனம் லண்டனில் திரட்டப்படும்; அதற்கான வட்டிக்கு நிஜாம் அரசின் கருவூலம் உத்தரவாதம் தரும். லாபம் அந்நியனுக்கு, சுமை மக்களுக்கு என்பதே இதன் சாரம். திட்டத்தின் விவரங்களை மக்கள் முன் வையுங்கள் என்று அகோரநாத் குரல் கொடுத்தார். அவருடன் தோளோடு தோள் நின்றவர் முல்லா அப்துல் கய்யூம்; பின்னாளில் காங்கிரசை வெளிப்படையாக ஆதரித்த அறிஞர். கணக்குக் கேட்ட குற்றத்துக்காக அகோரநாத் நாடு கடத்தப்பட்டார். ஐதராபாத்தின் நவீன அரசியல் விழிப்பு மதச் சண்டையில் பிறக்கவில்லை. பொதுப்பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியில் பிறந்தது. அதைக் கேட்டவர்களில் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார்.

அந்த வீட்டின் மூத்த மகள் சரோஜினி 1898இல் சாதியையும் மாகாண எல்லையையும் கடந்து டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்தார். 1908இல் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரைச் சூறையாடியபோது நிவாரணப் பணியில் இறங்கினார். அவருடைய பொதுத்தொண்டுக்காக ஆங்கில அரசு வழங்கிய கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தை, ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் திருப்பி அனுப்பினார். 1930இல் தாராசனா உப்புச் சத்தியாகிரகத்துக்குத் தலைமை ஏற்றார்.

உடன்பிறந்தோர் அனைவரும் ஒரே பாதையில் செல்லவில்லை. வீரேந்திரநாத் ஐரோப்பாவில் இந்தியப் புரட்சியாளர்களைத் திரட்டினார். 1927இல் பிரஸ்ஸல்சில் உருவான ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் முக்கிய அமைப்பாளராக விளங்கினார். அவர் 1937இல் சோவியத் மண்ணிலேயே அநியாயமாகக் கொல்லப்பட்டார் என்ற கசப்பான உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. சுஹாசினி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் பெண் உறுப்பினரானார். பாடலையும் நாடகத்தையும் மக்களிடம் கொண்டுசென்ற ஹரீந்திரநாத், முதல் மக்களவைக்குக் கம்யூனிஸ்ட் ஆதரவுடன் விஜயவாடாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே தேர்தலில் சரோஜினியின் மகன் ஜெயசூர்யா, மக்கள் ஜனநாயக முன்னணியின் சார்பில் மேடக் தொகுதியில் வென்றார்.

பாடநூல்கள் இக்குடும்பத்தை 'கவிக்குயில்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஆனால் கல்லூரி, விவாத மன்றம், வெள்ள நிவாரணம், நாடக மேடை என்று உள்ளூரில் வேர்விட்ட பணிகள்தாம் அக்குடும்பத்தை விடுதலைப் போருக்கு இட்டுச்சென்றன. விடுதலை இயக்கம் மாநாட்டுப் பந்தல்களில் மட்டும் வளரவில்லை. இத்தகைய வீடுகளிலும் வளர்ந்தது.

இன்று ரயில்வேயின் சேவைகளும் சொத்துகளும் துண்டு துண்டாகத் தனியாருக்குக் கைமாறுகின்றன. ஒப்பந்தத்தின் விவரம் கேட்பவர் மீது தேசத்துரோகி என்ற முத்திரை விழுகிறது. 140 ஆண்டுகளுக்கு முன் அகோரநாத்தும் அப்துல் கய்யூமும் எழுப்பிய கேள்வி இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் கேள்வியை மறக்கடிக்கத்தான் செப்டம்பர் 17க்கு மதச்சாயம் பூசப்படுகிறது. கணக்குக் கேட்ட அந்த மரபை உழைக்கும் மக்களிடம் கொண்டுசேர்ப்பது நம் கடமை.