பரணிலிருந்து இறங்கிய வாத்தியம்

சென்ற மாதம் ஒருநாள் என் மருமகன் பரணில் ஏறி, பழைய சாக்கு மூட்டையொன்றைக் கீழே இறக்கினான். உள்ளே இருந்தது நேயர்கள் எண்ணக்கூடிய வெண்கலச் சருவமன்று. நாலு கம்பி பூட்டிய மின்சாரப் பேஸ் கிற்றார். என் தமையனார் இளமையில் வாசித்த வாத்தியம் அது. கண்ணன் கோஷ்டி முதலிய இசைக்கோஷ்டிகள் கோயில் வீதிகளில் முழங்கிய காலத்திலே, எங்கள் ஊர்ப் பையன்களும் தங்களுக்கென ஒரு கோஷ்டி கூட்டினார்கள். 1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபோது, ஜப்பானில் செய்த இவ்வாத்தியத்தைத் தமையனார் கொழும்பில் வாங்கி, யாழ்தேவியில் மடியில் வைத்தபடியே கொண்டுவந்து சேர்த்தார்.

1990இல் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றறிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நாள்களை வீட்டிலுள்ள பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். மிருதங்கத்துக்குக் கை போதும். இதற்கோ மின்சாரம் வேண்டுமே! வாத்தியம் பரணேறிற்று. 1995 ஐப்பசியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அரிசியும் பிள்ளைகளும் சைக்கிளில் ஏறினார்கள், கிற்றார் ஏறவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கதவுகளும் யன்னல்களும் போயிருந்தன. பரண் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

“மாமா, இதுக்குப் பழைய மாடல் சாமான் போட்டால்தான் வடிவு” என்றான் மருமகன்.

பழைய வாத்தியத்துக்கு எதற்கப்பா பழைய சாமான் என்று விசாரித்தேன். ஆளுயர பேஸ் வயலினைச் சுமந்து திரிந்த மேனாட்டு வாத்தியக்காரரின் தொல்லை தீர, 1951இல் அமெரிக்கரான லியோ பெண்டர் என்பவர் தோளில் மாட்டத்தக்க மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்பனைக்கு விட்டார். வீணையிற்போல மெட்டுகள் இருந்தமையால் சுரம் பிசகாது. ஆகவே துல்லியம் என்னும் பொருள்படவே அதற்குப் பெயர் சூட்டினார். 1957இல் அதன் காந்தச் சுருளை இரு துண்டாக்கித் திருத்தினார். அக்காலத்து அமைப்பைப் பார்த்து இன்று புதிதாகச் செய்த உறுப்புகளைத்தான் ‘பழைய மாடல்’ என்கிறார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை. புதுக் கிற்றாரைச் சுரண்டியும் தேய்த்தும், உலோகத்தில் வேண்டுமென்றே துருவேற்றியும் விற்கும் வழக்கத்தைப் பெண்டர் நிறுவனம் 1995இல் தொடங்கிற்று. அதற்கு விலையும் அதிகம்! அதே ஆண்டில் பூட்டிய வீட்டில் விட்டுவந்த எங்கள் கிற்றாருக்குக் கடற்காற்று இவ்வேலையை இலவசமாகவே செய்து முடித்திருந்தது.

காந்தச் சுருள் செத்துவிட்டது. மயிரிழையினும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றியது அது. எங்கோ ஓரிடத்தில் அரிப்பு ஏறினாலும் கதை முடிந்தது. புதுச் சுருளும் பழைய முறைப்படி துணியுறை போட்ட கம்பியும் வரவழைத்தோம். ஈயம் பற்றவைத்தவர், டைனமோக் காலத்தில் எங்கள் வானொலிக்கு உயிர் கொடுத்த அதே திருத்துநர்தாம். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு, “வானொலியை விட இது சுகம்” என்றார்.

கம்பிகளைத் தாங்கும் குதிரையில் ஒரு தர்க்கம். 1951 அமைப்பில் நாலு கம்பிக்கும் இரண்டே தாங்கிகள். கம்பிகளைத் தனித்தனியே சுருதி திருத்த இயலாது. அதுவே வேண்டுமென்றான் பையன். அழகுக்காகச் சுருதியைக் கெடுக்காதே என்று சொல்லி, நாலு தாங்கியுள்ளதை வாங்குவித்தேன். அதன் திருகாணிகள் அங்குல அளவின. எங்கள் துளைகளோ மில்லிமீற்றர். மூங்கிற் சிம்பு செருகிப் பழைய துளைகளை அடைத்தோம்.

தட்டைச் சுற்றுக் கம்பிகளைப் பூட்டி, குதிரையருகே பஞ்சுத் துண்டொன்றையும் மருமகன் செருகினான். தம்புராவில் நூல் வைத்து ஜீவாளி கூட்டுவது நாதம் விரிந்து ரீங்கரிப்பதற்கு; இந்தப் பஞ்சோ நாதத்தைக் குறுக்கி, பேஸ் வயலினைப் போல ‘தும்’ என்று அடக்குவதற்கு. அந்தப் பஞ்சு என் மனைவியார் பாத்திரம் துலக்க வைத்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பிரடைகளில்தான் சண்டை வந்தது. புதியவை பொருந்த வேண்டுமானால் தலையிலுள்ள துளைகளைப் பெருப்பிக்க வேண்டும். பையன் தச்சரிடம் துளைகருவி இரவல் வாங்கி வந்துவிட்டான். நான் மறித்தேன். மாற்றத்துக்கு நான் விரோதியல்லன். தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி வாழ்ந்த இம்மண்ணிலே, தோல்வார் கொண்டு இறுக்கிய தவிலுக்கு இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டதைக் கண்டவன்தானே! ஆயினும், கழற்றிய சுருளையும் குதிரையையும் பிஸ்கட் தகரத்தில் வைத்திருக்கிறோம். வேண்டுமானால் திரும்பப் பூட்டலாம். கடைந்தெடுத்த மரத்தை எந்தத் தகரத்தில் வைப்பது?

வழக்குக் கனடாவிலுள்ள தமையனாரிடம் சென்றது. தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை.

“பிரடை சுத்துதோ?”

“சுத்துது பெரியமாமா, ஆனால் சரியான இறுக்கம்.”

“அப்ப மண்ணெண்ணெயிலை ஊறப் போடு.”

இரண்டு நாள் ஊறின. துளைகருவி தச்சரிடம் திரும்பிற்று.

போன ஞாயிறு மாலை வாத்தியத்தை ஒலிபெருக்கியில் பூட்டினோம். மிகத் தடித்த கம்பி வினாடிக்கு 41 தடவை அதிர்வது. மருமகன் அதைத் தட்டியதும் குசினித் தட்டிலிருந்த சருவமூடி கிடுகிடுத்தது. தொலைபேசியை அருகே பிடித்தேன். அத்தனை தாழ்ந்த ஒலியைத் தர அதன் சிறிய ஒலிபெருக்கிக்கு வலுவில்லை. மேலெழும் கிளையொலிகள் மாத்திரமே தமையனார் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

“தடிச்ச கம்பி கொஞ்சம் இறங்கிக் கிடக்கு. முடுக்கச் சொல்லு” என்றார்.

மருமகன் பழைய பிரடையை அரைக்கால் சுற்று முடுக்கினான். சரியாயிருந்தது.