ஆசைப்பட்டவள் அழக்கூடாதா?

நம்மூரில் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. நோய் என்று ஆபரேஷனுக்குப் போனவள் வலிக்கிறது என்று சொல்லலாம், சரியாக வரவில்லை என்று டாக்டரைத் திட்டலாம். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, அவளோடு சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போவார்கள். மார்பகத்தைப் பெரிதாக்கவோ சீராக்கவோ போனவள் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. “நீயா ஆசைப்பட்டுப் போய்ப் பண்ணிக்கிட்டதுதானே?” என்ற ஒரே கேள்வியில் அவளுடைய வழக்கு தள்ளுபடியாகிவிடும்.

இந்தக் கேள்வியால் யாருக்கு லாபம்? ஒழுக்கத்துக்கு இல்லை, பெண் விடுதலைக்கும் இல்லை. அரைகுறையாக வேலை பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட கிளினிக்குக்குத்தான் லாபம். அவளுடைய வெட்கம் அந்தத் தொழிலுக்கு ஒரு காப்பீடு. அதற்குப் பிரீமியம் கட்டுவது நாம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதில் எனக்கு வலது பக்கம் வளர்ந்தது, இடது பக்கம் பாதியில் நின்றுவிட்டது. இருபது வருடம் பிராவின் ஒரு பக்கத்தில் மட்டும் பஞ்சு வைத்துக்கொண்டு பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் போனேன். முப்பத்து மூன்று வயதில், சொந்தச் சம்பளத்தில் சேர்த்த பணத்தில், இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் சிலிக்கான் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். ஒன்பது மாதத்தில் வலது பக்கம் கீழே இறங்கி மென்மையாகிவிட்டது. இடது பக்கம் மேலேயே நின்று, இறுகிப்போய், ஒருக்களித்துப் படுத்தால் வலித்தது.

டாக்டர் சொன்னார்: “இங்க பாருங்கம்மா, ரெண்டும் அக்கா தங்கச்சி. இரட்டைப் பிள்ளைங்க கிடையாது. இதெல்லாம் சகஜம்.” நான் இரட்டைப் பிள்ளைகளைக் கேட்கவில்லை. ஒரு பக்கம் ஏன் கல்லாகிறது என்றுதான் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த கவுன்சிலர் பெண் மட்டும், “முன்னாடி இருந்ததுக்கு இது பரவால்லதானே மேடம்?” என்றாள்.

இந்த ‘சகஜம்’ என்ற சொல்லைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, முன்பே இருந்த வேறுபாடு. எந்தப் பெண்ணுக்கும் இரண்டு மார்பகங்களும் அச்சில் வார்த்தது போல இருப்பதில்லை. அளவு, காம்பின் உயரம், விலா எலும்பின் வளைவு எல்லாவற்றிலும் சிறு வித்தியாசம் இருக்கும். இம்ப்ளான்ட் வைத்தால் அது மறைந்துவிடாது, சில சமயம் எடுப்பாகவே தெரியும். இதை ஆபரேஷனுக்கு முன்பு அளந்து, படமெடுத்து, கண்ணாடி முன் நிற்கவைத்துச் சொன்னால் அது தகவல். பின்பு சொன்னால் சாக்கு.

இரண்டாவது, காலத்தால் சரியாவது. முதல் சில வாரங்களில் வீக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடியாது. இம்ப்ளான்ட் தன் இடத்தில் படிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். அதனால்தான் திருத்த ஆபரேஷனுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுக்கச் சொல்கிறார்கள். அது நியாயமான பேச்சு. பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்து அழுகிற பெண்ணிடம் நானும் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, காலத்தால் சரியாகாதது. உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் அதைச் சுற்றி ஒரு தழும்புச் சவ்வு உருவாகும். சிலருக்கு அந்தச் சவ்வு சுருங்கி இம்ப்ளான்ட்டை நெரிக்கும். அப்போது மார்பகம் இறுகும், மேலே ஏறும், வடிவம் கோணும், வலிக்கும். மருத்துவம் இதற்குப் பெயரும் வைத்திருக்கிறது, பேக்கர் அளவுகோல் என்று நான்கு படிகளும் வைத்திருக்கிறது. முதல் படி இயல்பானது, நான்காவது படியில் வலி. இது தவிர, இம்ப்ளான்ட்டுக்கான பை ஒரு பக்கம் கூடுதலாக வெட்டப்பட்டிருக்கலாம், இம்ப்ளான்ட் மார்புக் கோட்டுக்குக் கீழே சரிந்திருக்கலாம், திரும்பிப்போயிருக்கலாம், உள்ளே கிழிந்திருக்கலாம். சில உடம்பின் எதிர்வினை, சில கத்தி பிடித்தவரின் பிழை. எது எது என்று பார்த்துச் சொல்வதுதான் டாக்டரின் வேலை. ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ அது பொறுத்துப் பார்க்கிற விஷயமே இல்லை, அன்றைக்கே ஓட வேண்டும். மூன்றையும் ஒரே ‘சகஜ’த்தில் போட்டு மூடுவது மருத்துவம் அல்ல, வியாபாரம்.

‘ஆசை’ என்று பழிக்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. உலகின் முதல் சிலிக்கான் மார்பக இம்ப்ளான்ட் ஆபரேஷன் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்தது. தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ என்ற இரண்டு டாக்டர்கள் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்குச் செய்தார்கள். அவர் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனது மார்பில் இருந்த பச்சையை அழிக்க. இம்ப்ளான்ட் யோசனை டாக்டர்களுடையது. அவருக்கிருந்த ஆசை வேறு, துருத்திக்கொண்டிருந்த காதுகளைச் சரிசெய்ய வேண்டும் என்பது. அதையும் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். இந்தத் தொழில் ஒரு பெண்ணின் ஆசையில் பிறக்கவில்லை, அதை விற்றவர்களின் யோசனையில் பிறந்தது.

அதற்குப் பிந்தைய கதையையும் பாருங்கள். முப்பது வருடம் விற்ற பிறகு 1992இல்தான் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சிலிக்கான் ஜெல் இம்ப்ளான்ட்களை அழகுக்காக வைப்பதை நிறுத்தியது. 2006இல் மீண்டும் அனுமதித்தது. 2010இல் பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதியில்லாத தொழிற்சாலை சிலிக்கானை அடைத்து விற்றது அம்பலமானது. பிரான்சில் மட்டும் சுமார் 30,000 பெண்களின் உடம்பில் அது இருந்தது. அதன் நிறுவனர் ழான்-க்ளோட் மாஸுக்கு 2013இல் நான்கு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் ஒரு அரிய வகைப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான இம்ப்ளான்ட்கள் திரும்பப் பெறப்பட்டன. 2021இல், இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் நிற்கிற பொருள் அல்ல என்பது உட்பட, ஆபத்துகளை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எஃப்.டி.ஏ. கட்டாயமாக்கியது. இத்தனையும் வெளியே வந்தது யாரோ புகார் சொன்னதால்தான். ‘ஆசைப்பட்டவள் அழக்கூடாது’ என்று எல்லாப் பெண்களும் அடங்கிக் கிடந்திருந்தால் பி.ஐ.பி. இன்றைக்கும் கடை திறந்திருக்கும்.

நம் முற்போக்கு நண்பர்களிடம் வருகிறேன். அவர்கள் ‘ஆசைப்பட்டாய்’ என்று கொச்சையாகச் சொல்ல மாட்டார்கள். “ஆணாதிக்கச் சந்தை உருவாக்கிய உடலை நீ உள்வாங்கிக்கொண்டாய் தோழர்” என்பார்கள். சொற்கள் படித்தவை, தீர்ப்பு என் பெரியம்மாவின் தீர்ப்பேதான். சந்தை என்னை உருவாக்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏமாற்றியது சந்தைதானே? அதைக் கேள்வி கேட்காமல் இடது பக்கம் வலிக்கிறவளுக்கு எதற்கு வகுப்பு எடுக்கிறீர்கள்? பல்லுக்குக் கம்பி கட்டிய, தலைக்கு முடி நட்ட எந்த ஆண் நண்பரிடமும் இந்தத் தத்துவ விசாரணை நடந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு கேள்வி, “யாருக்காகப் பண்ணிக்கிட்ட?” மூன்று முலைகளோடு பிறந்த தடாதகைப் பிராட்டிக்குக் கணவனாகப் போகிறவனைக் கண்டதும் ஒன்று மறைந்தது என்பது மதுரைக் கதை. பெண்ணுடல் சரியாவதை ஒரு ஆணின் பார்வையோடு முடிச்சுப் போட்டே நமக்குப் பழக்கம். எனக்கு அப்படி எந்தச் சொக்கனும் வரவில்லை. சட்டை ஒழுங்காக உட்கார வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் விளக்கம் தரக் கடமைப்பட்டவளும் அல்ல.

புகார் சொல்ல மொழியும் வேண்டும். 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்தபோது எவ்வளவு கூச்சல் எழுந்தது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். கவிதைக்கே அந்தப் பாடு என்றால் கன்சல்டிங் அறையில் என்ன நடக்கும்? ‘செஸ்ட்’ என்கிறோம், ‘மேல’ என்கிறோம், ‘அந்த எடம்’ என்கிறோம். காம்பு உணர்ச்சியற்றுப் போய்விட்டது என்று தமிழில் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது. நான் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவமோ முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.

சட்டமும் இந்த வெட்கத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது. அழகு சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அழகு சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றைச் சரிசெய்வதற்கு அந்த வரி இல்லை. பதின்மூன்று வயதில் பாதியில் நின்றுபோனது வளர்ச்சிக் குறைபாடு இல்லாமல் வேறென்ன? என் பில்லில் அது ‘அழகு’ என்றே பதிவாகி வரியும் விழுந்தது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு, மறு பக்கத்தைச் சமச்சீராக்கும் ஆபரேஷனுக்கும் தர வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பது வீண் பகட்டு அல்ல என்று ஒரு தேசத்தின் சட்டப் புத்தகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும்தான் என்பது தெரியும். ஆனால் ஒருமுறை ஏற்றுக்கொண்ட நியாயத்தை நோயின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தருவேன் என்பது என்ன நியாயம்?

தமிழ்நாட்டிலும் ஒரு கதவு திறந்தது. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்யத் தொடங்கினார்கள். உடனே ‘ஏழைகளுக்கு எதற்கு அழகு’ என்ற பேச்சு கிளம்பியது. பணக்காரி செய்தால் ஆடம்பரம், ஏழை செய்தால் அரசுப் பண விரயம், நடுத்தர வர்க்கத்துக்காரி செய்தால் கொழுப்பு. எந்தப் பெண் செய்தால்தான் அது மருத்துவம்?

ஆனாலும் கையில் ஆயுதமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆபத்தையும் மாற்று வழிகளையும் விளக்காமல் வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் சொன்னது. அதில் எங்கேயும் ‘ஆசைப்படாத நோயாளிக்கு மட்டும்’ என்று இல்லை. ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு. “ஒரு வருஷம் பொறுங்க” என்ற அறிவுரை மருத்துவப்படி சரியாகவே இருக்கலாம், கெடுவின் கடிகாரமும் கூடவே ஓடுகிறது. பொறுங்கள், ஆனால் வெறும் கையோடு பொறுக்காதீர்கள்.

முன்பும் பின்பும் எடுத்த படங்களின் பிரதி, அளவுக் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, இம்ப்ளான்ட்டின் நிறுவனம், அளவு, வரிசை எண் எழுதிய அட்டை எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். திருத்த ஆபரேஷன் தேவைப்பட்டால் டாக்டர் கட்டணம், தியேட்டர் வாடகை, மயக்க மருந்துச் செலவு ஆகியவற்றில் எது யார் தலையில் என்பதைக் கத்தி படுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். சந்தேகம் வந்தால் அந்த கிளினிக்கோடு தொடர்பில்லாத வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள். நான் காட்டினேன். மூன்றாம் படி இறுக்கம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி, எழுதியும் கொடுத்தார். ஒன்பது மாதம் ‘சகஜம்’ ஆக இருந்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பெயர் கிடைத்தது.

அந்தக் காகிதத்தோடு நான் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். ஜெயிப்பேனா தெரியாது. அங்கேயும் யாராவது “நீயா ஆசைப்பட்டதுதானே?” என்று கேட்கக்கூடும். ஆமாம், ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டு வீடு கட்டுகிறவனுக்குச் சுவர் கோணினால் கொத்தனாரைக் கேட்கும் உரிமை உண்டு. எனக்கு உடம்பு. அதைக் கேட்க எனக்கு அதைவிடக் குறைந்த உரிமைதான் உண்டு என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், முதலில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சொல்லட்டும்.