26-ம் தேதி மேல என்ன தப்பு?



நம் சுவரிதழில் ‘வரலாற்றில் இன்று’ கட்டத்தை எல்லாரும் நின்று படிக்கிறோம். ஆனால் ஒரு தேதி மட்டும் அதில் வந்ததே இல்லை. அது டிசம்பர் 26. அப்போது அரையாண்டு விடுமுறை, பள்ளி பூட்டியிருக்கும். அதனால் விடுமுறைக்கு முன்னாலேயே அந்தத் தேதியைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

2003 டிசம்பர் 26. ஈரான் நாட்டின் பாம் நகரில் விடியற்காலையில் நிலநடுக்கம். அங்கே நிறைய வீடுகள் சுடாத மண்கல்லில் கட்டியவை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே சரிந்துவிட்டன. 26,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26. சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் 9.1 அளவில் நிலநடுக்கம், அதனால் சுனாமி. பல நாடுகளில் 2,20,000-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல்.

இந்த இரண்டையும் வைத்து, “26-ம் தேதியே ராசியில்லை” என்று பெரியவங்க பலர் சொல்றாங்க. குஜராத் பூகம்பம் 2001 ஜனவரி 26, மும்பை பெருமழை 2005 ஜூலை 26, மும்பைத் தாக்குதல் 2008 நவம்பர் 26 என்று பட்டியலும் போடறாங்க. 2-ம் 6-ம் கூட்டினால் 8, அது சனியோட எண் என்று விளக்கம் வேற! எங்க தெருவில் டிசம்பர் 26-ல் பிறந்த பையன் ஒருத்தன் இருக்கான். அவனை ‘டேய் சுனாமி’ன்னுதான் கூப்பிடறாங்க. அவன் பிறந்தநாளைக்கு மிட்டாய் கொடுக்கவே வெளியே வரமாட்டான். பாவம், அவன் செய்த குற்றம் என்ன?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலகத்தில் 7 அளவும் அதற்கு மேலும் உள்ள நிலநடுக்கங்கள் வருஷத்துக்குச் சராசரியாக 15 வருகின்றன. மாதத்தின் 30 தேதிகளுக்கும் அதைப் பங்கு போட்டால், எந்தத் தேதியை எடுத்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒன்று அதன் பங்குக்கு வரும். ஜப்பானில் 2011 மார்ச் 11, நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25, துருக்கியில் 2023 பிப்ரவரி 6. இதில் 26 எங்கே இருக்கு? நாம் 26-ஐ மட்டும் தேடினால் 26 மட்டும்தான் கண்ணில் படும்.

நல்லதும் அதே தேதியில் நடந்திருக்கே! 1898 டிசம்பர் 26-ல்தான் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியம் கண்டுபிடித்ததை அறிவித்தார்கள். கணினிக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜ் பிறந்தது 1791 டிசம்பர் 26. நம் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. நாம் கொடியேற்றி மிட்டாய் வாங்குகிற குடியரசு தினமே 26-ம் தேதிதான். அன்றைக்கு யாராவது ராசி பார்க்கிறோமா?

தேதி மேல் பழியைப் போட்டால் நமக்கு ஒரு வசதி இருக்கு. வேறு எதையும் கேட்க வேண்டாம். ஆனால் கேட்க வேண்டியது நிறைய இருக்கு. பாமில் உயிரைக் குடித்தது தேதியா, பலமில்லாத சுவரா? குஜராத்தில் அஞ்சார் ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் இரண்டு பக்கமும் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. நம் வயசுப் பிள்ளைகள்தான் அவர்கள். குறுகலான தெருவும், ஆட்டத்தைத் தாங்காத கட்டடமும் அல்லவா காரணம்?

சுனாமியிலும் அப்படித்தான். சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிவாக்கில். அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரத்தில் ஒரு செய்தி வந்திருந்தால்! அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. 2007-ல்தான் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள்.

ஆனால் அன்றைக்கே தப்பித்தவர்களும் உண்டு. புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆபத்தை அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் இருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், சனங்கள் ஓடித் தப்பித்தார்கள். தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து, “இது சுனாமி!” என்று பெற்றோரிடம் சொன்னாள். கடற்கரையில் இருந்த சுமார் 100 பேர் பிழைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் அதைப் படித்திருந்தாளாம். பாருங்க, நாம் கொட்டாவி விடுகிற அதே புவியியல் வகுப்பு!

அதனால் என் கருத்து இதுதான். ‘வரலாற்றில் இன்று’ கட்டத்தில் தேதியையும் பெயரையும் மட்டும் எழுதினால் போதாது. கீழே இரண்டு வரி சேர்ப்போம். அது ஏன் நடந்தது? அதிலிருந்து நாம் என்ன செய்யலாம்? நிலநடுக்கம் வந்தால் எப்படி வெளியேறுவது என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஒத்திகை நடத்தும்படி ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரும் 26-ம் தேதி யாராவது “ராசியில்லாத நாள்” என்று சொன்னால், நண்பர்களே, சண்டை போடாதீங்க. நல்லவாடு கதையைச் சொல்லுங்க. அந்தத் தேதியில் பிறந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் வாழ்த்தும் சொல்லுங்க.

நாளில் குற்றமில்லை. நாம் கற்காமல் விடுவதுதான் குற்றம். சிந்திப்போம்! செயல்படுவோம்!

– 10-ம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு