தோட்டமும் பொட்டலமும்!

எத்திலீன் ஆக்சைடு கலந்திருப்பதாகக் கூறி, எம்.டி.எச்., எவரெஸ்ட் நிறுவனங்களின் சில மசாலாப் பொடிகளின் விற்பனையை 2024 ஏப்ரலில் ஹாங்காங் நிறுத்தியது. தங்கள் தயாரிப்புகள் பாதுகாப்பானவையே என்று அந்நிறுவனங்கள் விளக்கம் அளித்தன. தொடர்ந்து எழுந்த விவாதம் பெரும்பாலும் ஆலைகளைச் சுற்றியே நடந்தது. அவற்றுக்குச் சரக்கு அனுப்பும் விவசாயி அதிகம் பேசப்படவில்லை.

நறுமணப் பொருள்களில் உள்ள கிருமிகளை அழிக்கவே அந்த வாயு பயன்படுத்தப்படுகிறது. சரக்கு சுத்தமாக உலர்த்தப்பட்டு வந்தால், ஆலையில் அதன் தேவையே குறைந்துவிடும். பூச்சிமருந்து எச்சத்தைத் தவிர்ப்பதும் தோட்டத்தில்தான் முடியும். ஆலையின் தூய்மையைப் பெருமளவு நிர்ணயிப்பவர் விவசாயியே.

இதற்கு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களே சான்று. ஒரே செடியில் பல சுற்றுகளாகக் காய் எடுக்கப்படுவதால், மருந்தடிப்புக்கும் பறிப்புக்கும் இடையே போதிய நாள் இடைவெளி கிடைப்பதில்லை. இலைப்பேன் தாக்கிச் சொறி விழுந்த காய்க்கோ விலை சரிகிறது. புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் பருமன், பச்சை நிறம், லிட்டர் எடை ஆகியவையே பெரிதும் விலையைத் தீர்மானிக்கின்றன. மருந்தைக் குறைத்தவருக்குப் பரிசு இல்லை. காயில் சொறி விழுந்தால் தண்டனை உண்டு. சந்தையே மருந்தடிக்கச் சொல்லும்போது, விவசாயியை மட்டும் குறை கூறுவது எவ்வகையில் நியாயம்?

அந்த நச்சை முதலில் சுவாசிப்பவர்கள், கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக அதிகாலையில் ஜீப்புகளில் மலையேறும் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு மாற்றாக 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் மசோதா அறிமுகமானது. நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் அறிக்கையும் அளித்தது. சட்டம் எப்படித் திருத்தப்பட்டாலும், விலை நிர்ணயிக்கும் முறை மாறாவிட்டால் பயனில்லை.

எச்சமற்ற காய்க்குக் கூடுதல் விலை தருவதாக நிறுவனங்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்ய வேண்டும். பரிசோதனைச் செலவையும், விறகு குறைவாகப் பிடிக்கும் உலர்த்தும் கூடங்களுக்கான முதலீட்டையும் அவை பகிர்ந்துகொள்ள வேண்டும். பரிசோதித்த காய்க்கான தனி ஏலத்தை நறுமணப் பொருள்கள் வாரியம் வாடிக்கையாக்க வேண்டும். மருந்தடிப்போருக்குப் பாதுகாப்புக் கவசம் கிடைப்பதைக் கேரள, தமிழக அரசுகள் இணைந்து உறுதிசெய்ய வேண்டும்.

பசுமைச் சான்றிதழைப் பொட்டலத்தின் மீது அச்சிடுவது எளிது. அதற்கான செலவைச் சிறு விவசாயியின் தலையில் மட்டும் சுமத்தினால், அச்சு மட்டுமே பச்சையாக இருக்கும். தோட்டத்தில் இருப்பதுதானே பொட்டலத்தில் வரும்!